கூரைச் சூடு கீழே இறங்குவது எப்படி?

“தகரம் சூடு. ஓடு குளிர்ச்சி. கொங்கிறீட் தட்டுப் போட்டால் ஏசி இல்லாமல் படுக்க இயலாது.” திருகோணமலையில் உப்புவெளியிலோ பாலையூற்றிலோ அத்திவாரம் வெட்டுகிற வளவொன்றில் சற்று நேரம் நின்றால் இந்த மூன்றும் காதில் விழும். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பி இலட்சக்கணக்கில் செலவழித்தவர்கள்தான் சித்திரை மாத இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வருகிறார்கள்.

கூரை எந்தப் பொருளால் ஆனது என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிட்டால் சூடு பிடிபடாது. விழுகிற வெயிலில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது? வாங்கிக்கொண்டதை எந்த வழியாகக் கீழே தருகிறது? எந்த நேரத்தில் தருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தகரக் கூரையின் கீழும் சமாளிக்கலாம். தெரியாவிட்டால் விலை உயர்ந்த கூரையின் கீழும் வேர்க்கும்.

வெயிலின் முதல் இலக்கு கூரை

திருகோணமலை வடக்கு அகலக்கோடு 8.5 பாகையை ஒட்டி இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் 12 ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் இறுதியில் மறுமுறை. முதலாவது நாள் சித்திரை வருடப்பிறப்புக்கு மிக அருகில் விழுவதால், கைவிசேடம் வாங்குகிற நாட்களில் நண்பகல் நிழல் நம் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது. மார்கழியில்கூட நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 32 பாகை அளவுதான் சாய்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் உச்சி வெயிலை வாங்குவது கூரைதான். சுவருக்குக் காலையிலும் மாலையிலும்தான் வேலை.

அளவைப் பாருங்கள். முகில் இல்லாத நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. 1,000 சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீற்றர். அதன்மேல் 90 கிலோவாட்டுக்குக் குறையாமல் கொட்டுகிறது. படுக்கையறைக்கு நாம் வாங்குகிற 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு ஏசி வெளியேற்றக்கூடிய சூடு 3.5 கிலோவாட் மட்டுமே. கூரையில் விழுவதில் இருபதில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே அது ஏசியை வென்றுவிடும்.

மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் மேற்குச் சுவருக்கு மரம் நட்டுவிட்டுக் கூரையை அப்படியே விடுவது, முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவைப்பதாகவே முடியும்.

போறணையில் பாண் வேகும் விதம்

விறகுப் போறணையில் பாண் சுடுவதைப் பார்த்தவர்களுக்கு இனி வருவது எளிதில் விளங்கும். முதலில் போறணைக்குள் விறகை அடுக்கி எரிப்பார்கள். உள்ளே இருக்கும் செங்கல் தளமும், வளைந்த செங்கல் கூரையும் நன்றாகக் காயும். பிறகு தணலை வாரி எடுத்துவிட்டோ ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டோதான் மாவைத் தள்ளுவார்கள். பாணுக்கு மேலே நெருப்பு என்று எதுவும் இல்லை. ஆனாலும் பாணின் மேல்பக்கம் பொன்னிறமாகிறது.

மேல்பக்கத்தைச் சிவக்க வைப்பதில் பெரும்பங்கு அந்தச் செங்கல் கூரையினுடையது. சூடேறிய எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒளி போன்ற ஒன்றைச் சுற்றிலும் வீசிக்கொண்டே இருக்கிறது. அது படுகிற பொருள் சூடாகிறது. இதன் பெயர் கதிர்வீச்சு. இதற்குக் காற்றின் உதவி தேவையில்லை. சூரியனின் சூடு வெற்றிடத்தைக் கடந்து நம்மிடம் வருவதும் இப்படியே.

“சூடு மேலேதானே போகும், கூரைச் சூடு எப்படிக் கீழே வரும்?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மேலே போவது சூடான காற்று. கதிர்வீச்சுக்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லை. கூரையின் அடிப்பக்கம் சூடாக இருந்தால் அது கீழே இருக்கிற கட்டிலையும் சீமெந்துத் தரையையும் நம் உச்சந்தலையையும் ஒரே மாதிரிச் சூடாக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகல் இரண்டு மணிக்குச் சீலிங் இல்லாத தகரக் கூரையின் கீழ் கதிரையில் ஏறி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துத் தகரத்துக்கு ஓர் அடி கீழே பிடியுங்கள். கையில் சுள்ளென்று உறைக்கும். இப்போது மற்றக் கையால் ஒரு துண்டு அட்டையைத் தகரத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நீட்டுங்கள். அந்த நொடியே உறைப்பு நின்றுவிடும். அட்டையை எடுத்தால் மறுபடியும் உறைக்கும். அந்த ஒரு நொடியில் காற்று குளிர்ந்திருக்க வழியில்லை. அட்டை மறித்தது கதிர்வீச்சை மட்டுமே.

காற்றின் சூடு வேறு, உடம்பு உணரும் சூடு வேறு

அறையின் சுவரில் மாட்டிய வெப்பமானி பெரும்பாலும் காற்றின் சூட்டைத்தான் சொல்கிறது. உடம்போ காற்றையும், சுற்றியிருக்கும் பரப்புகளையும் சேர்த்தே உணர்கிறது. காற்று அதிகம் அசையாத அறையில் ஏறத்தாழ இரண்டின் சராசரிதான் நமக்குத் தெரியும் சூடு. காற்று 32 பாகை செல்சியஸ், கூரையும் சுவர்களும் சேர்ந்து சராசரியாக 38 பாகை என்றால், உடம்புக்கு அது 35 பாகை அறை. வெப்பமானி 32 என்று காட்டுவது பொய்யில்லை. நாம் வேர்ப்பதும் பொய்யில்லை.

கதிர்வீச்சு சூட்டோடு சேர்ந்து வெகுவேகமாக ஏறும் குணம் கொண்டது. 60 பாகையில் இருக்கும் தகரத்தின் அடிப்பரப்பு, 35 பாகையில் இருக்கும் தோலுக்குத் தருவது, தோல் திருப்பித் தருவதைக் கழித்தபின், சதுர மீற்றருக்கு 170 வாட் அளவு. அதே பரப்பை 40 பாகைக்கு இறக்கிவிட்டால் அது 30 வாட் அளவுக்கு விழுந்துவிடும். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கூரையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தணித்தாலே இவ்வளவு ஆறுதல் கிடைக்கக் காரணம் இதுதான்.

ஃபேன் செய்வது என்ன? தோலில் இருக்கும் வியர்வையை உலர்த்துகிறது. கூரையின் கதிர்வீச்சை அது தொடுவதே இல்லை. ஏசியும் முதலில் காற்றைத்தான் குளிராக்குகிறது. மேலே தட்டு கொதித்துக்கொண்டிருக்க, உடம்புக்குப் போதாமல் நாம் எண்ணைக் குறைத்துக்கொண்டே 18 வரை போகிறோம். மின்கட்டணம் எங்கே போகிறது என்று தேடுபவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: உச்சி வெயில் கூரையில் விழுகிறது, கூரையின் அடிப்பக்கம் சூடாகிறது, அந்த அடிப்பக்கம் கதிர்வீச்சாக நம்மைச் சுடுகிறது. ஆகவே எந்தக் கூரைக்கும் கேட்கவேண்டியது அதன் அடிப்பக்கம் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான்.

விழுவதில் எவ்வளவு திரும்புகிறது?

ஒரு பரப்பு தன்மேல் விழும் வெயிலில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் தெறிப்புத் திறன். நல்ல வெள்ளைப் பூச்சு நூறில் 70 முதல் 85 பங்கு வரை திருப்பிவிடும். சிவப்பு ஓடும், பழசான கொங்கிறீட்டும் 30 பங்கை ஒட்டித்தான் திருப்புகின்றன. கறுப்புத் தார்ப் பூச்சு 5 பங்கு திருப்பினால் பெரிது. நீர்க்கசிவை நிறுத்த வேண்டித் தட்டின்மேல் கறுப்புத் தார்த்தாளை ஒட்டிவிட்டு, “மழை நின்றது, வெக்கை கூடிவிட்டது” என்று திகைத்து நிற்பவர்களுக்குக் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

இதற்கு ஒரு துணை உண்டு: உமிழ்திறன். வாங்கிய சூட்டைக் கதிர்வீச்சாக வெளியே விட ஒரு பரப்பு எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதை அது சொல்கிறது. பளபளக்கும் புதுத் தகரம் இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்புகிறது. ஆனால் உள்ளே வாங்கிய கொஞ்சத்தை வானத்துக்குத் திருப்பித் தர அதற்கு மனம் வராது. உலோகப் பளபளப்பின் உமிழ்திறன் மிகக் குறைவு. அதனால் கண்ணைக் கூசவைக்கும் புதுத் தகரமும் கையைச் சுடுகிறது. வெள்ளைப் பூச்சோ நிறையத் திருப்பி அனுப்புகிறது. வாங்கியதையும் தாராளமாக வானத்துக்கு விட்டுவிடுகிறது. நண்பகலில் துருவேறிய தகரம் 60 பாகையைத் தாண்டும்போது, பக்கத்தில் வெள்ளை பூசிய தகரம் 40 பாகைகளின் கீழ்ப்பாதியில் நிற்பது இதனால்தான்.

நிறம் பூசிய தகடு வாங்குகிறவர்கள் கடையில் அழகைப் பார்த்துக் கடும் நீலம், கரும்பச்சை, காப்பி நிறம் என்று தெரிவு செய்கிறார்கள். தெருவில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தடிப்பு வேறு, தடுப்பு வேறு

கொங்கிறீட் தட்டைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். ஐந்து அங்குலத் தடிப்பு. அதைத் தாண்டிச் சூடு வருமா என்று நினைக்கிறார்கள். வரும். சற்றுத் தாமதமாக வரும்.

சூடு ஒரு பொருளுக்குள் துகளிலிருந்து துகளுக்குக் கைமாறிப் போவது கடத்தல். கடத்தலை மறிப்பதற்குப் பெயர் வெப்பக்காப்பு. காற்றைச் சிறு சிறு அறைகளாகச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் பொருட்களே நல்ல காப்பு: ரிஜிபோம் (மீன்பெட்டி செய்யும் வெள்ளை நுரைப் பலகை), பஞ்சு, கிடுகு. கொங்கிறீட்டுக்கு அந்தக் குணம் இல்லை. கணக்குப் போட்டால், ஐந்து அங்குலக் கொங்கிறீட் கடத்தலை மறிப்பது 3 மில்லிமீற்றர் ரிஜிபோம் மறிக்கும் அளவுதான். மீன்பெட்டியின் சுவர்கூட அதைவிடப் பல மடங்கு தடிப்பு.

கொங்கிறீட்டுக்கு இருப்பது சேமிக்கும் குணம். போறணையின் செங்கல் போலவே, நிறைய எடை கொண்ட பொருள் நிறையச் சூட்டை உள்வாங்கிச் சாவகாசமாக வெளிவிடும். தட்டின் மேற்பரப்பு பகல் ஒரு மணிக்கு உச்சச் சூட்டை அடைந்தால், அந்த உச்சம் அடிப்பக்கத்துக்கு இறங்கி வர நான்கு மணித்தியாலம் அளவு எடுக்கும். இதுதான் வெப்பத் தாமதம். மாலை ஐந்து மணிக்கு வெளியே கடற்காற்று இதமாக வீசத் தொடங்கும் நேரத்தில் தட்டின் அடிப்பக்கம் தன் உச்சத்தை அடைகிறது. நள்ளிரவு வரைக்கும் அது கட்டிலைப் பார்த்துக்கொண்டு சுடும். தணல் வாரிய பிறகுதானே பாண் வேகிறது.

தகரம் இதற்கு நேர் எதிர். எடை இல்லாததால் சேமிப்பும் இல்லை. காலை ஒன்பதுக்கே கொதிக்கத் தொடங்கும். பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் ஆறிவிடும். தெளிந்த வானமுள்ள இரவில் வானத்துக்குச் சூட்டை இழந்து, காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் தகரத்தின் அடியில் பனித்துளி கோர்த்துச் சொட்டுவது அதனால்தான். பகலில் ஆளில்லாமல் இரவில் படுக்க மட்டும் பயன்படும் அறைக்குத் தகரம், தட்டைவிட நல்லது என்று நான் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். கணக்கு அப்படித்தான் வருகிறது.

பகல் முழுவதும் அதன் கீழேயே இருக்கவேண்டியவர்களின் நிலை வேறு. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். கொட்டிலில் கூரை தலைக்கு அருகில் இருக்கும். சுவரும் தகரமாக இருந்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சூடான பரப்புத்தான். கூரை எவ்வளவு அருகில் இருக்கிறதோ, நம் பார்வைப் பரப்பில் எவ்வளவு இடத்தை அது அடைத்துக்கொள்கிறதோ, அவ்வளவு கதிர்வீச்சு நம்மேல் விழும். உயரக் கூரை கொஞ்சம் உதவுவதும் இதனால்தான். கொஞ்சம்தான், அகன்ற மண்டபத்தின் கூரையை இரண்டடி உயர்த்துவதால் பெரிய மாற்றம் வராது.

தட்டுப் போடுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1964 டிசம்பர் புயல் திருகோணமலைக் கூரைகளை என்ன செய்தது என்று முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் நமக்கு வடக்கே கரையேறியபோது தகரக் கூரையின் கீழ் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள்? மேல்மாடி எழுப்பும் ஆசையும் இருக்கிறது. ஓட்டைப் புரட்டும் குரங்குகளும் இருக்கின்றன.

ஓடு குளிர்வதன் இரகசியம்

ஓட்டின் பொருளில் பெரிய மாயம் இல்லை. அது சுட்ட மண். மாயம் அடுக்கும் விதத்தில் இருக்கிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே இருக்கும் நூற்றுக்கணக்கான இடுக்குகள் வழியாக முகட்டடியில் தேங்கும் சூடான காற்று கசிந்து வெளியேறுகிறது. மண் ஓடு ஈரத்தை உறிஞ்சி வைத்து, வெயில் ஏறும்போது அதை ஆவியாக்கித் தானும் குளிர்கிறது. பழைய வீடுகளில் ஓட்டுக் கூரை தாழ்வாரமாக இறங்கிச் சுவருக்கும் நிழல் தந்தது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, இடுக்கில்லாமல் சீமெந்து பூசிய தட்டின்மேல் அழகுக்காக ஓட்டைப் பதித்தால், ஓட்டுவீடு என்ற பெயர் கிடைக்கும். குளிர்ச்சி கிடைக்காது.

கிடுகுக் கூரைக்கு இவை எல்லாமே உண்டு. ஓலைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று, எடையில்லாத உடம்பு, கசியும் இடுக்குகள். தீயும் கறையானும் ஆண்டுதோறும் வேயும் கூலியும் இல்லாவிட்டால் அதை யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளித் தாளும் அந்த இடைவெளியும்

தகரத்துக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் அடியில் அலுமினியத் தாள் விரிப்பது இப்போது பரவலாகிவிட்டது. நல்ல பொருள். ஆனால் வேலை செய்யும் முறை தெரியாமல் அடிக்கிறார்கள்.

மேலே சொன்ன அதே உமிழ்திறன் குறைவு இங்கே நமக்குச் சாதகமாகிறது. தாளின் பளபளக்கும் பக்கம் சூடேறினாலும் கதிர்வீச்சாகக் கொஞ்சத்தைத்தான் விடும். ஆனால் அதற்கு முன்னால் வெறும் காற்று இருந்தாகவேண்டும். தாள் ஒரு பக்கம் தகரத்தோடும் மறுபக்கம் சீலிங் பலகையோடும் ஒட்டிக்கொண்டிருந்தால், சூடு கடத்தலாகவே நடந்து போய்விடும். தாள் இருப்பதும் இல்லாததும் ஒன்று. ஒரு அங்குல இடைவெளியாவது வேண்டும், பளபளப்பு அந்த இடைவெளியைப் பார்க்கவேண்டும். பளபளப்பைக் கீழ்நோக்கி வைப்பது நல்லது. மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து, சில ஆண்டுகளில் அது வெறும் தூசிப் பரப்பாகிவிடும்.

சீலிங் செய்வதும் ஏறக்குறைய அதே அட்டை வேலை: சூடான கூரையைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. மறைப்பது போதாது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே அடைபட்ட காற்று வெளியேற இரு முனைச் சுவர்களிலும் முகட்டடியில் துவாரங்கள் இருக்கவேண்டும். வௌவாலுக்குப் பயந்து அவற்றைச் சீமெந்து வைத்து அடைப்பதைவிடச் சிறுகண் வலை அடிக்கலாம்.

கச்சான் காலம்

கொழும்பிலிருந்து வரும் ஆலோசனைகள் இங்கே தடுமாறும் இடம் இது. “யன்னல்களைத் திறந்துவையுங்கள், காற்றோட்டமே மருந்து” என்பார்கள். மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் தாண்டும் வரை நம்மிடம் வருவது கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகி, வறண்டு நம்மிடம் வந்து சேர்கிறது. வெளியே 36 பாகை, உள்ளே 32 பாகை என்றால் யன்னலைத் திறப்பது சூட்டை வரவேற்பதுதான். கச்சான் நாளில் முற்பகல் பத்து மணிக்கு மேல் யன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, இரவு வெளியே தணிந்தபின் எல்லாவற்றையும் திறந்துவிடுவதே பொருத்தம். ஆனால் பகலில் மூடிய வீடு குளிர்ந்திருக்க வேண்டுமென்றால் கூரை சூட்டை இறக்காதிருக்கவேண்டும். கூரை கெட்டிருந்தால் இந்த உபாயமும் கெட்டது.

கூரைக்குத் தண்ணீர் அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நிச்சயம் குளிரும். ஆனால் கச்சான் காலம் கிணறு இறங்கும் காலம். கடலோர வளவுகளில் உப்பு ஏறும் காலமும் அதுவே. நான் அதற்குக் கைதூக்க மாட்டேன்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு

மலிவிலிருந்து தொடங்குவோம். தட்டின் மேல்பரப்பைக் கழுவிச் சுண்ணாம்போ வெள்ளை நீர்காப்புப் பூச்சோ அடிப்பதுதான் செலவுக்கு ஏற்ற பலனை உடனே தருவது. வாடைக்காற்று மழை ஓய்ந்த மாசியில் அடித்தால், சித்திரை உச்சி வெயிலுக்கு முன் ஆயத்தமாகிவிடும். சுண்ணாம்பு அடுத்த மாரியில் கரைந்துபோகும். பூச்சு சில ஆண்டுகள் நிற்கும். இரண்டிலும் பாசியும் புழுதியும் படிந்தால் தெறிப்பு குறையும் என்பதால் ஆண்டுக்கொருமுறை கழுவவேண்டும்.

அடுத்தது நிழல். தட்டின்மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டு நிழல்வலையோ கிடுகோ போட்டால் வெயில் தட்டைத் தொடவே தொடாது. இடையில் காற்றும் ஓடும். சூரிய மின்தகடு போடும் எண்ணம் இருந்தால் அதைப் படுக்கையறைக்கு மேலே வரும்படி வையுங்கள். மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும்.

புதிதாகத் தட்டுப் போடுபவர்கள் தட்டுக்கு மேலே ஒரு அங்குல ரிஜிபோம் வைத்து, அதன்மேல் கம்பிவலையோடு மெல்லிய கொங்கிறீட் இடலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் இத்தகைய தட்டுகளை இலங்கைக் காலநிலைக்கென்றே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு அங்குலம் இறங்கும் சூட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக்கிவிடும். காப்பு மேலே இருக்கவேண்டும், அடியில் அல்ல. அப்போதுதான் கொங்கிறீட் பகல் வெயிலைச் சேமிக்காமல் வீட்டுக்குள்ளிருக்கும் தணிவைச் சேமிக்கும்.

அஸ்பெஸ்டஸ் கூரைக்கு வெள்ளை அடிப்பவர்கள் மட்டும் ஒன்றில் கவனமாக இருக்கவேண்டும். பாசியை எடுக்கக் கம்பித் தூரிகையால் உலரத் தேய்க்காதீர்கள். அழுத்த நீர் அடிக்கும் இயந்திரமும் வேண்டாம். உதிரும் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மெல்ல நனைத்து, மென்மையான துடைப்பத்தால் எடுத்து, முகக்கவசத்தோடு பூசவேண்டும். ஏறுகிறவர் சீற்றின்மேல் நேராக மிதிக்காமல், வளைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடக்கட்டும். பழைய சீற் ஆள் எடையைத் தாங்காது.